ஒற்றுமை என்று பெயரிட்டால் போதுமா?

ஒக்டோபர் மாத நடுப்பகுதியில், இரவு ஒன்பது மணியளவில், முந்தல் களப்பின் ஓரத்தில் நின்று தெற்கே சிலாபம் பக்கமாகப் பாருங்கள். கடல் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும். மேகமில்லாத இரவாயின், அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவே, 'தென்மீன்' என வானியலார் அழைக்கும் கூட்டத்தின் தலைமீனான பொமல்ஹோட் தனித்து ஒளிவிடக் காணலாம். அதற்கு மேற்குப் புறமாக, அதே கூட்டத்தில், வெறுங்கண்ணுக்குப் புலப்படாத சிறு விண்மீன் ஒன்று உண்டு. அதைச் சுற்றி ஒரு கோள் வலம் வருகிறது. அந்த விண்மீனுக்கும் அந்தக் கோளுக்கும் பெயரிட்டது நமது நாடு என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

விண்மீனின் பெயர் 'சாமய'. கோளின் பெயர் 'சமகிய'. சிங்கள மொழியில் முன்னதற்குச் சமாதானம் என்றும் பின்னதற்கு ஒற்றுமை என்றும் பொருள்.

அழகான பெயர்கள்தாம். ஆனால் மனச்சாட்சியுள்ள மனிதன் இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். தன் வீட்டில் சமாதானம் காணாதவன் எங்கோ இருக்கும் ஒரு விண்மீனுக்குச் சமாதானம் என்று பெயரிடலாமா? பெயரிட்டுவிட்டால் அந்தப் பெயர் அவனிடம் எதைக் கேட்கிறது? இக்கேள்விகள் வானியலாரை மட்டும் சார்ந்தவையல்ல. புத்தளம் கரையில் வாழும் ஒவ்வொரு குடும்பத்தையும் சார்ந்தவை.

பெயர் வந்த கதை

சூரியனைப் போலவே மற்ற விண்மீன்களைச் சுற்றியும் கோள்கள் உண்டா என்ற கேள்வி மிகப் பழையது. விடை கிடைத்ததோ அண்மையில்தான். 1995ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்து நாட்டு வானியலாளர்களான மிஷேல் மையோரும் டிடியே கெலோவும், சூரியனை ஒத்த ஒரு விண்மீனைச் சுற்றிக் கோள் ஒன்று ஓடுவதை முதன்முதலில் கண்டறிந்தார்கள். 2019ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபெல் பரிசில் அவர்களுக்குப் பங்கு கிடைத்தது. இன்று கணக்கில் ஏறியுள்ள இத்தகைய கோள்கள் 6,000க்கும் மேல்.

நாம் பேசும் கோள் 2008ஆம் ஆண்டில், தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் மலையொன்றில் அமைந்துள்ள மகெலன் தொலைநோக்கியின் துணைகொண்டு கண்டறியப்பட்டது. வெகு காலம் அதற்குப் பெயர் இருக்கவில்லை, எச்.டி. 205739 என்ற விண்மீன் அட்டவணை இலக்கமும், பக்கத்தில் ஓர் எழுத்துமே இருந்தன. அந்த விண்மீன் நமது சூரியனைவிடச் சற்றுப் பெரியது, சற்று வெப்பம் கூடியது. நம்மிடமிருந்து ஏறக்குறைய 300 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. கோளோ, நமது வியாழனைவிடக் கனமானது. ஏறக்குறைய 280 நாட்களில் ஒருமுறை தன் விண்மீனைச் சுற்றி வருகிறது. வியாழனைப் போன்ற வாயுக்கோளம் என்றே அதைக் கருதவேண்டும். கால் ஊன்றி நிற்கத் தரை இராது.

1919இல் தோன்றிய சர்வதேச வானியல் ஒன்றியம், தன் நூற்றாண்டை முன்னிட்டு 2019இல் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விண்மீனையும் அதன் கோளையும் ஒதுக்கி, மக்களிடமே பெயர் கேட்டது. 112 நாடுகளில் 780,000க்கும் மேற்பட்டோர் இதில் பங்குகொண்டனர். முடிவுகள் 2019 டிசெம்பர் 17ஆம் திகதி வெளியாயின. இந்தியா தனக்குக் கிடைத்த விண்மீனுக்கு விபா என்று பெயரிட்டு, பௌதிகவியலாளரான விபா சௌதுரி என்ற பெண்மணியைக் கௌரவித்தது. சிங்கப்பூர் இலத்தீன் பெயர்களைத் தெரிந்தது. இலங்கை சமாதானத்தையும் ஒற்றுமையையும் தெரிந்தது.

அந்த ஆண்டு நமக்கு எத்தகைய ஆண்டு என்பதை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும், கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் விடுதிகளிலுமாக 250க்கும் மேற்பட்டோர் குண்டுகளுக்கு இரையாயினர். அடுத்த மாதமே, மே 12, 13ஆம் திகதிகளில், நமது வடமேல் மாகாணத்தில் அப்பாவி முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. நமது புத்தளம் மாவட்டத்திலேயே ஒரு முஸ்லிம் சகோதரர் கொல்லப்பட்டார். அதே ஆண்டின் டிசெம்பரில்தான் 'சமாதானம்', 'ஒற்றுமை' என்ற பெயர்கள் வானத்தில் எழுதப்பட்டன.

மூன்று முறைப்பாடுகள்

இப்பெயர்களைக் கேட்டதும் மூன்று முறைப்பாடுகள் எழக்கூடும். மூன்றையும் நேர்மையோடு எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது: இது வெளிவேடம் அல்லவா? காயம் ஆறாமலே சமாதானம், சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களைத் தீர்க்கதரிசி எரேமியாஸ் கடுமையாகக் கண்டித்ததை வேதாகமத்தில் வாசிக்கிறோம். பூமியில் செய்ய மனமில்லாததை வானத்தில் எழுதிவைப்பது மிக மலிவான வேலை. அங்கே பெயர் வைக்க யாருக்கும் காணி விடவேண்டியதில்லை; யாரிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டியதில்லை.

இரண்டாவது: ஒற்றுமைக்குப் பெயரிடும்போதும் ஒரு மொழி மட்டுந்தானா? 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழும் ஓர் அரச கரும மொழியாகும் என்று கூறியது. இரண்டு மொழியுள்ள நாட்டுக்கு இரண்டு பெயர்கள் கொடுக்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஒன்று சிங்களத்திலும் மற்றொன்று தமிழிலும் இருந்திருக்கலாம் என்று ஒரு தமிழ்ப் பிள்ளை நினைத்தால் அதைப் பேராசை என்று யார் சொல்ல முடியும்?

மூன்றாவது: அங்கே யாரேனும் இருந்தால்? அவர்களுடைய உலகுக்குப் பெயரிட நாம் யார்? அந்த வாயுக்கோளத்தில் யாரும் வாழ்வதாக எண்ண இடமில்லை. ஆயினும் கேள்வி நல்ல கேள்வியே. நமது கரையோரத்து ஊர்களுக்கும் கடல் கடந்து வந்தவர்கள் தங்கள் நாவுக்கு ஏற்றபடி பெயரிட்டதுண்டு. கற்பிட்டியை ஒல்லாந்தர் கல்பெந்தைன் என்றார்கள். பெயரிடுவது ஆளுவதற்கு முதற்படியாக இருந்தது என்பதை நாம் நன்கு அறிவோம்.

பிற உலகங்களைப் பற்றிய பேச்சு நமது விசுவாசத்துக்கு இடையூறாகுமோ என்று அஞ்சுவோரும் உண்டு. அஞ்ச வேண்டியதில்லை. கடவுளால் பல உலகங்களைப் படைக்க இயலாது என்று போதிப்பது தவறு என 1277ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகர ஆயர் எத்தியேன் தம்பியே தீர்ப்பளித்திருக்கிறார். படைத்தவருடைய கையை நாம் கட்டிப்போடக்கூடாது என்பதே அதன் சாரம். நமது கோள் கண்டறியப்பட்ட அதே 2008ஆம் ஆண்டில், வத்திக்கான் வானாய்வுக்கூடத்தின் அப்போதைய இயக்குநராகிய இயேசு சபைக் குரு ஹோசே பூனெஸ், வேறு உலகத்தில் அறிவுள்ள உயிர் இருந்தால் அதையும் படைப்பில் நம் சகோதரனாகக் கொள்ளலாம் என்ற கருத்தை வெளியிட்டார். முந்நூறு ஒளியாண்டுக்கு அப்பால் உள்ளவனைச் சகோதரன் என்பது எளிது. முப்பது அடிக்கு அப்பால் வேலிக்கு மறுபுறம் இருப்பவனை அப்படி அழைப்பதுதான் கடினம்!

பெயர் ஒரு கடன்

முறைப்பாடுகள் மூன்றும் நியாயமானவை. ஆயினும் அவற்றோடு நின்றுவிட்டால் நாம் பெயர் என்பதன் பொருளைப் பாதியே அறிந்தவர்களாவோம்.

பெயர்கள் இரண்டு வகை. ஒரு பொருள் என்னவாக இருக்கிறது என்று சொல்லும் பெயர் ஒன்று. என்னவாக ஆகவேண்டும் என்று சொல்லும் பெயர் மற்றொன்று. உப்பளம் என்கிறோம், அங்கே உப்பு விளைகிறது. அது முதல் வகை. ஞானஸ்நானத் தொட்டியருகே ஒரு குழந்தைக்கு அந்தோனி என்றோ அன்னம்மா என்றோ பெயரிடுகிறோம். அந்தக் குழந்தை புனிதர் ஆகிவிட்டது என்றா பொருள்? இல்லை. அது இன்னும் ஒரு நன்மையும் செய்யவில்லை. அழ மட்டுமே அறியும். ஆயினும் பெயரை முதலில் கொடுக்கிறோம், வாழ்வைப் பின்னர் எதிர்பார்க்கிறோம். அத்தோடு ஒரு ஞானத்தந்தையையும் ஒரு ஞானத்தாயையும் நிறுத்தி, இந்தப் பெயருக்கு நீங்கள் பொறுப்பு என்கிறோம். ஆகவே அத்தகைய பெயர் புகழ்ச்சியல்ல. அது ஒரு கடன் பத்திரம். பெயரிட்டவர்களே அதில் கையொப்பமிட்டவர்கள்.

சாமய, சமகிய என்ற பெயர்களையும் இப்படித்தான் கொள்ளவேண்டும். இலங்கை சமாதானமான நாடு என்று அவை சாட்சி சொல்லவில்லை. இலங்கை ஒரு கடன் வாங்கியிருக்கிறது என்று சொல்கின்றன. கடன்காரனைப் பார்த்து, நீ ஏன் பத்திரம் எழுதினாய் என்று சிரிப்பதில் பயனில்லை. எப்போது அடைக்கப் போகிறாய் என்று கேட்பதே முறை. அந்தக் கேள்வியைக் கேட்பவர்களுள் நாமும் அடங்குவோம், கடன்காரர்களுள்ளும் அடங்குவோம்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. முந்தலில் வளரும் பிள்ளைக்குச் 'சாமய' என்பது அந்நியச் சொல்லல்ல. இந்தக் கரையோரத்தில், பாட்டனும் பாட்டியும் தமிழில் செபமாலை சொல்லிய வீடுகளில், பேரப்பிள்ளைகள் சிங்களத்தில் மந்திரம் படிக்கும் குடும்பங்கள் எத்தனையோ. சிங்களத்திலும் 'சமாதானய' என்றொரு சொல் உண்டு. நமது சமாதானத்துக்கும் அதற்கும் வேர் ஒன்றே. பெயர் அவர்களுடைய மொழியில் இருப்பதால் அந்தக் கடன் அவர்களுக்கு மட்டும் உரியது என்று நாம் விலகிவிட முடியாது. தமிழுக்கும் இடம் வேண்டும் என்று கேட்கும் உரிமையும் அதனால் நமக்கு இல்லாமற்போவதில்லை.

பெரியதும் அசைகிறது

இனி, அந்தக் கோளை எவ்வாறு கண்டறிந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அதில்தான் நமக்கு மிகப் பெரிய பாடம் இருக்கிறது.

அந்தக் கோளை இதுவரை எவரும் கண்ணால் கண்டதில்லை, தொலைநோக்கியிலும் கண்டதில்லை. அது தன் விண்மீனின் ஒளியில் மறைந்து கிடக்கிறது. பின் எப்படித் தெரிந்தது? விண்மீன் அசைந்தது, அதனால் தெரிந்தது.

கோள் ஓடுகிறது, விண்மீன் நடுவில் அசையாமல் நிற்கிறது என்றே நாம் பள்ளியில் படம் வரைந்தோம். உண்மை அப்படியல்ல. விண்மீன் கோளை இழுக்கிறது. கோளும் விண்மீனை இழுக்கிறது. இரண்டுமே தமக்குப் பொதுவான ஒரு மையத்தைச் சுற்றுகின்றன. விண்மீன் ஆயிரம் மடங்கு கனமானது என்பதால் அந்த மையம் விண்மீனுக்கு உள்ளேயே அமைகிறது. ஆனால் அதன் நடுப்புள்ளியில் அல்ல, சற்று விலகி. அந்தச் சிறு விலகலினால் விண்மீன் நம்மை நோக்கி ஒரு சமயமும் நம்மைவிட்டு ஒரு சமயமும் அசைகிறது. அந்த அசைவு செக்கனுக்கு ஏறக்குறைய 40 மீற்றர், அதாவது நமது அதிவேக நெடுஞ்சாலையில் அனுமதிக்கப்பட்ட வேகத்தைவிடக் கூடியது. விண்மீனின் ஒளியைப் பிரித்து அதன் நிறக்கோடுகள் முன்னும் பின்னும் நகர்வதை அளந்தே இதை அறிந்தார்கள்.

ஒற்றுமை என்னும் சிறியது இழுக்க, சமாதானம் என்னும் பெரியது அசைகிறது. அந்த அசைவை வைத்தே ஒற்றுமை இருப்பதை அறிகிறோம். பெயரிட்டவர்கள் இதை நினைத்தார்களோ, இல்லையோ, இதைவிடப் பொருத்தமான பெயர்கள் வேறெந்த நாட்டுக்கும் கிடைத்திருக்க முடியாது.

உவமையை இழுத்து அறுக்கவும் கூடாது. விண்மீனுக்கு மனச்சாட்சியில்லை. அது ஈர்ப்பு விதிக்குக் கட்டுப்பட்டே அசைகிறது. அதில் புண்ணியம் ஒன்றும் இல்லை. மனிதனோ அசையாமலும் இருக்கக்கூடியவன். பலமுள்ளவன் தன் பலத்தைக்கொண்டே பலமற்றவனுடைய இழுப்பை உணராதவன்போல் இருந்துவிடலாம். வானத்தில் விதியாக இருப்பது பூமியில் கடமையாக மாறுகிறது. அவ்வளவுதான் வேறுபாடு, ஆனால் முழு ஒழுக்கமும் அந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

ஆகவே ஒரு நாட்டில், ஓர் ஊரில், ஒரு வீட்டில் ஒற்றுமை இருக்கிறதா என்று அறிய விரும்பினால், சிறியவர் எவ்வளவு பணிவாகச் சுற்றி வருகிறார் என்று பார்க்காதீர்கள். பெரியவர் அசைகிறாரா என்று பாருங்கள். சிறியவர் மட்டும் அசைந்து பெரியவர் அசையாதிருப்பதற்கு ஒற்றுமை என்று பெயரில்லை. அதற்கு அடக்கம் என்றோ அச்சம் என்றோ பெயர்.

நமது வரலாற்றிலிருந்தே ஓர் உதாரணம். இன்று அந்த விண்மீனிலிருந்து நம்மை வந்தடையும் ஒளி புறப்பட்ட காலத்தில், இலங்கையின் கரையோரங்களை ஒல்லாந்தர் ஆண்டுகொண்டிருந்தனர். கத்தோலிக்கக் குருக்களுக்கு அங்கே தடை. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான், 1711இல், கோவாவிலிருந்து வந்து தமிழ் கற்று, புத்தளத்திலும் பணியாற்றிய புனித யோசேப் வாஸ் அடிகள் கண்டியில் உயிர்நீத்தார். 1692இல் கண்டிக்குச் சென்ற அவரை ஒற்றன் என்று சந்தேகித்துச் சிறைவைத்தனர். ஆனால் பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் நாளடைவில் உண்மையறிந்து, தன் இராச்சியத்தில் அவர் சுதந்திரமாகப் பணிபுரிய இடமளித்தான். தனியொரு அந்நியக் குருவுக்காக ஓர் அரசன் தன் நிலையிலிருந்து அசைந்தான். நமது விசுவாசம் இந்நாட்டில் தழைத்ததற்கு அந்த அசைவும் ஒரு காரணம்.

நாம் எங்கே பெரியவர்?

இதுவரை வாசித்தவர்களிற் சிலர், 'சரியாகச் சொன்னீர்கள், பெரும்பான்மையினர் இதைக் கேட்கவேண்டும்' என்று தலையசைத்திருப்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். ஓர் அலுவலகத்துக்குச் செல்லும் தமிழ்த் தாய்க்கு விளங்காத மொழியில் கடிதம் கொடுத்து அனுப்புகின்ற வரையில், பெரியது இன்னும் போதிய அளவு அசையவில்லை என்றே சொல்லவேண்டும்.

ஆனால் எல்லா இடத்திலும் நாமே சிறியவர்களல்லோம். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம் மக்கள் முழுவதும் தமிழ்ப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். கையில் அகப்பட்டதோடு வந்த அக்குடும்பங்களில் பெருந்தொகையானவை இதே புத்தளம் மாவட்டத்தில்தான் தஞ்சமடைந்தன. அவர்களும் தமிழ் பேசுபவர்களே. அங்கே பெரியது எது, சிறியது எது? தமிழர் பெயரால் நடந்த அந்த அநீதியை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லியிருக்கிறோமா? அல்லது நமக்கு நடந்த அநீதியை மட்டுமே சொல்லியிருக்கிறோமா?

தொழிலிலும் இதே கேள்விதான். 1980ஆம் ஆண்டுகளிலிருந்து நமது களப்புகளின் ஓரத்தில் கண்டற்காடுகளை வெட்டி இறால் பண்ணைகள் எழுந்தன. பண்ணைக்குள் எடுத்த நீரும் பண்ணையிலிருந்து விட்ட கழிவும் ஒல்லாந்தர் வாய்க்கால் முதலிய அதே நீர்வழிகளில் கலந்தன. 1996இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோது, ஒருவன் பண்ணையின் நோய் மற்றவன் பண்ணைக்கும் அந்த நீரோடே பரவியது. களப்பில் வலை வீசிப் பிழைக்கும் ஏழை முதலில் முறையிட்டபோது அசையாதவர்கள், பின்னர் நட்டத்தால் அசைக்கப்பட்டார்கள். பொது மையம் ஒன்று உண்டு என்பதை அன்பினால் அறியாவிட்டால் அழிவினால் அறியவேண்டிவரும்.

வீட்டிலும் அப்படியே. கணவன் விண்மீனாகவும் மனைவி கோளாகவும் இருக்கும் வீடுகள் உண்டு. மாமியார் அசையாது மருமகள் மட்டும் சுற்றிவரும் வீடுகளும் உண்டு. பங்கிலே ஒரு மொழியினர் அதிகமாயிருந்தால் மறுமொழியினருக்குப் பாட்டு ஒன்றுகூட இல்லாத திருநாட்களும் உண்டு. ஒவ்வொருவரும் ஓரிடத்தில் சிறியவர்; வேறோரிடத்தில் பெரியவர். சிறியவராக இருக்கும் இடத்தில் நீதி கேட்பவர், பெரியவராக இருக்கும் இடத்தில் அதை வழங்கவேண்டும். வழங்காதவருடைய கேள்விக்கு வலிமை இராது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்தக் கோளின் பாதை வட்டமல்ல, நீள்வட்டம். ஒரு சமயம் விண்மீனுக்கு ஏறக்குறைய 10 கோடி கிலோமீற்றர் வரை நெருங்குகிறது. மற்றொரு சமயம் 17 கோடி கிலோமீற்றர் வரை விலகுகிறது. ஆயினும் உறவு அறுவதில்லை. ஒற்றுமை என்றால் எப்போதும் ஒரே நெருக்கம் என்று நினைத்து, சிறு விலகலைக் கண்டதும் பகை என்று தீர்ப்பளிப்பவர்கள் இதை மனத்திற் கொள்வார்களாக.

விண்மீன்களை எண்ணி அவை ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைப்பவர் ஆண்டவர் என்று சங்கீத ஆசிரியர் பாடுகிறார். அவர் இட்ட பெயர் எதுவோ, நாமறியோம். நாம் இட்ட பெயரை மட்டும் அறிவோம். அதற்கே நாம் கணக்குக் கொடுக்கவேண்டியவர்கள். இன்றிரவு அந்த விண்மீனிலிருந்து புறப்படும் ஒளி இந்தக் கரையை வந்தடைய இன்னும் 300 ஆண்டுகள் செல்லும். அன்று இங்கே யார் நிற்பார்களோ, எந்த மொழியில் பேசுவார்களோ, அறியோம். அவர்கள் அந்த ஒளியைப் பார்த்து, 'எம் முன்னோர் இதற்கு ஒற்றுமை என்று பெயரிட்டு, அப்படியே வாழ்ந்தும் காட்டினார்கள்' என்று சொல்வார்களா? அல்லது, 'பெயர் மட்டும் வைத்தார்கள்' என்று சொல்வார்களா? விடை வானத்தில் இல்லை. இந்த வாரத்தில், நாம் பெரியவராயிருக்கும் ஏதாவது ஓரிடத்தில், ஓர் அடியாவது அசைவோமா என்பதில்தான் இருக்கிறது.